குவார்ட்டர்ஸ் நாட்கள்: பட்டாளத்துப் பெட்டியில் கிடந்த பாதி ஸ்வெட்டர்

கல்லுப்பட்டிக்காரி

போன வாரம் ஊரில் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணில் கிடந்த சாமான்களை இறக்கியபோது அப்பாவின் பட்டாளத்துப் பெட்டியும் வந்தது. இந்தக் குழுவில் பலர் வீட்டில் இருக்கும் அதே கறுப்பு டிரங்குப் பெட்டிதான். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர், கீழே ஊர். ஒவ்வொரு மாறுதலுக்கும் பழைய ஊரின் மேல் கறுப்பை அடித்துப் புது ஊரை எழுதுவார்கள். இப்போது கறுப்பு உரிந்து, மதுரைக்கு அடியில் பதான்கோட்டின் பாதி எழுத்துகள் தெரிகின்றன.

உள்ளே பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு பச்சைக் கம்பளி ஸ்வெட்டர். முழு ஸ்வெட்டர் இல்லை. முதுகுப் பக்கம் முடிந்திருக்கிறது, முன்பக்கம் கக்கம் வரை வந்து நிற்கிறது. 10ஆம் நம்பர் ஊசி கண்ணிகளோடு அப்படியே செருகிக் கிடக்கிறது. ஊசியின் துரு அந்த ஒரு வரிசையில் மட்டும் பழுப்பாக ஏறியிருக்கிறது.

அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊசியில் இருந்த கண்ணிகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணிப் பார்த்தார். "ஏக், தோ, தீன்" என்று இந்தியில்தான் எண்ணினார். ஊரில் இட்லித் துணி எண்ணினாலும் பூ முழம் எண்ணினாலும் தமிழில் எண்ணுகிறவர், ஸ்வெட்டர் கண்ணியை மட்டும் இந்தியில் எண்ணினார். அப்புறம் சொன்னார்: "உங்கப்பாவுக்குப் போட்டது. பென்ஷன்னு ஆர்டர் வந்துருச்சு. கல்லுப்பட்டி வெயிலுக்கு ஸ்வெட்டர் எதுக்குன்னு அப்படியே வச்சுட்டேன்."

அது 1996. அப்பாவுக்கு 38 வயது, அம்மாவுக்கு 31. எனக்கு 11.

நாங்கள் இருந்தது பஞ்சாபில் பதான்கோட் பக்கம் மாமூன் கன்டோன்மென்ட். அப்பா மதராஸ் சப்பர், பட்டாளத்தின் என்ஜினியர் பிரிவு. அதற்கு முன்னால் செகந்திராபாத்தில் இரண்டு வருடம் இருந்தோம், எனக்கு அது மங்கலாகத்தான் நினைவு. நடுவில் அப்பாவுக்கு அருணாசலத்தில் ஃபீல்டு, குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத இடம், நாங்கள் ஊரில் அப்பத்தா வீட்டில். 1993ல் மாமூனில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் சுவர் வைத்த சின்ன முற்றம். கட்டிலில், மேஜையில், நாற்காலியின் அடியில்கூட பட்டாளத்துக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் எம்இஎஸ்ஸின் நம்பர் அடித்திருக்கும். மார்கழி, தையில் பனிமூட்டம் இறங்கினால் எதிர் பிளாக் தெரியாது. அங்கீட்டி என்ற கணப்புச் சட்டியில் கரி போட்டு முற்றத்திலேயே கனிய வைத்து, புகை அடங்கிய பிறகுதான் அம்மா உள்ளே தூக்கி வருவார். அதைச் சுற்றி நாங்கள் மூன்று பேர். அப்பா பெரும்பாலும் இருக்க மாட்டார். எக்ஸர்சைஸ் என்ற போர்ப் பயிற்சி, டூட்டி, கோர்ஸ் என்று ஏதாவது இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா போன தூரம் மதுரை சித்திரைத் திருவிழா மட்டும்தான். அப்படிப்பட்டவர் ஒரு ஜனவரி இரவு, என் தம்பிக்கு மூச்சு இழுத்தபோது, அப்பா எக்ஸர்சைஸில் இருந்த நேரத்தில், ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பி, என்னைப் பக்கத்து வீட்டு கட்வாலி ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு, எம்ஹெச் என்ற மிலிட்டரி ஆஸ்பத்திரியில் நாலு நாள் தனியாக இருந்தார். டாக்டரிடம் இந்தியில் பேசினார். நிமோனியா என்றார்கள். தம்பி பிழைத்தான். அப்பா வந்து சேர்ந்தபோது தம்பி வீட்டில் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் படுத்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

ஊருக்கு வந்த பிறகு அதே அம்மாவுக்குப் பேங்குக்குப் போக வேண்டும் என்றால் சித்தப்பா துணைக்குப் போனார். "பொம்பளைக்குத் தனியா என்ன வேலை" என்று அப்பத்தா சொன்னார், அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருடமாக நான் குவார்ட்டர்ஸ் நினைவுகளை என் நினைவுகளாகத்தான் வைத்திருந்தேன்: ஸ்கூலுக்குப் போன லாரி, சனிக்கிழமை திறந்தவெளிப் படம், பரா கானா என்ற பட்டாளத்து விருந்தில் தின்ற ஜிலேபி. அந்தப் பாதி ஸ்வெட்டரைப் பார்த்த பிறகு, அந்த வீட்டில் உண்மையில் வாழ்ந்தது அம்மாதான் என்று தோன்றுகிறது.

உங்கள் வீட்டில் எப்படி? பிள்ளையாக நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். உங்கள் அம்மாக்களைப் பற்றியும் எழுதுங்கள்.

திருநகர் 3வது ஸ்டாப்

என் கதை பழையது. 1971, ஜலந்தர் கன்டோன்மென்ட். எனக்கு எட்டு வயது.

டிசம்பர் 3 சாயங்காலம் சங்கு ஊதியது. அதற்கு முன்னாலேயே குவார்ட்டர்ஸ் முன்னால் பள்ளம் வெட்டியிருந்தார்கள். ‘ட’ எழுத்து மாதிரி மடங்கி இருக்கும், குண்டு ஒரு பக்கம் விழுந்தால் சிதறல் மறுபக்கம் போகாமல் இருக்க. ஜன்னல் கண்ணாடி முழுவதும் பழுப்புக் காகிதம். இருட்டுவதற்குள் சமையலை முடித்துவிட வேண்டும், அதன் பிறகு ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது.

அப்பா எல்லைக்குப் போய்விட்டார். எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு, ஒரு ஆம்பிளை இல்லை. அம்மாவுக்கு அப்போது இந்தி பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். ஆனால் சங்கு ஊதினால் யார் வீட்டுக் குழந்தையை யார் தூக்குவது என்று அந்தப் பெண்கள் பேசிவைத்திருந்தார்கள். என் தங்கையைத் தூக்குவது ஒரு சீக்கிய ஆன்ட்டி, அவருடைய வயதான மாமியாரைக் கைப்பிடித்துக் கூட்டிவருவது என் அம்மா. ஏன் அப்படி என்று பெரியவனான பிறகு கேட்டேன். "அவ ஓடுவா, எனக்குக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓட முடியாது, வயித்துல உன் தம்பி" என்றார். 17ஆம் தேதி சண்டை நின்றது. பள்ளத்தை மூடுவதற்குள் நாங்கள் அதில் ஒளிந்து விளையாடித் தீர்த்தோம்.

அம்மா 2009ல் தவறினார். நீங்கள் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்க முடியாமல் போனதுதான் வருத்தம்.

சோழவந்தான் வெற்றிலை

நான் பிறந்ததே வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில். அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்ட். வெலிங்டன் தமிழ்நாடுதானே என்று நினைக்க வேண்டாம், சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் இருந்து வந்தவர்களுக்கு அது வேறு நாடு. காலையில் கண் விழிப்பதற்கு முன்னால் ரெக்ரூட்டுகள் ஓடும் பூட்ஸ் சத்தம் வரும். அப்புறம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று மைதானத்தில் இருந்து ஒரே குரலாக எழும். 1758ல் தொடங்கிய ரெஜிமெண்ட் என்று அப்பா அடிக்கடி சொல்வார். எனக்கு அது பள்ளிக்கூட மணி மாதிரி, அந்தக் குரல் கேட்டால் எழுந்து பல் தேய்க்க வேண்டும்.

மலை ரயில் குன்னூர் தாண்டி வெலிங்டன் ஸ்டேஷனில் நின்று அருவங்காட்டுக்குப் போகும். நாங்கள் அதற்குக் கை காட்டுவோம். அம்மா அங்கே தையல் கற்றுக்கொண்டார், ஃபேமிலி வெல்ஃபேர் சென்டரில். இன்றைக்கும் சோழவந்தானில் அம்மா தைத்த ஜாக்கெட் என்றால் தனி மதிப்பு. கல்லுப்பட்டி அக்கா எழுதிய மாதிரி என் அம்மா அடங்கிப் போகவில்லை. அந்தத் தையல் மெஷினையும் பெட்டியோடு ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார், அது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கையில் ஒரு தொழில் இருந்தது.

உசிலை மேற்கு

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த இழையில் எல்லாரும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். என்னைப் போன்றவர்கள்தான் அதிகம். என் அப்பா 17 வருடம் சர்வீஸ். எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது ஒரே ஒரு தடவை, 11 மாதம். ஜவான்களுக்கு வீடு என்பது சீனியாரிட்டி பட்டியல். குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷனுக்கு வந்து பட்டியலில் பெயர் மேலே ஏறுவதற்குள் அடுத்த ஃபீல்டு வந்துவிடும்.

எங்களுக்கு அப்பா என்றால் கடிதம். மேலே ‘56 ஏபிஓ’ என்று பட்டாளத் தபால் ஆபீஸ் முகவரியை எழுதினால் போதும், அவர் எந்த மலையில் இருக்கிறார் என்று எங்களுக்கும் தெரியாது, தபால்காரருக்கும் தெரியாது, ஆனால் போய்ச் சேர்ந்துவிடும். வருடத்தில் இரண்டு மாதம் லீவு. வரும்போது ஒரு ஹோல்டால், அதே கறுப்புப் பெட்டி. முதல் ஒரு வாரம் நான் அவரிடம் போக மாட்டேன், மாமா என்று ஒரு தடவை கூப்பிட்டேனாம். அப்பா அன்று சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார்.

அந்த 11 மாதம் ஜான்சியில். என் வாழ்க்கையிலேயே அப்பா ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய சத்தம் அங்கேதான் கேட்டேன். அந்த வீட்டில் கரையான், கூரையில் ஒழுகல், தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம். எதுவும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அம்மா என்ன ஆனார், எப்படி மாறினார் என்று எழுதும் அளவுக்கு அவருக்கு அங்கே நாள் கிடைக்கவில்லை. பால்காரனிடம் பேசத் தெரிந்துகொண்ட நேரத்தில் பெட்டி கட்டினோம்.

கல்லுப்பட்டிக்காரி

உசிலை அண்ணே, நீங்கள் சொன்னது சரி. நான் எழுதும்போது அதை நினைக்கவே இல்லை, மன்னிக்கவும். எங்களுக்கும் நடுவில் மூன்று வருடம் அப்படித்தான். ஆனால் மூன்று வருடமும் 16 வருடமும் ஒன்றில்லை.

செருப்பைக் கழற்றும் சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

சப்பர் தம்பி (ஓய்வு)

நான் மறுபக்கத்து ஆள். 24 வருடம் சர்வீஸ் முடித்து ஹவில்தாராக வந்தவன். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் டிரெயினிங். நாங்கள் 1780ல் இருந்து வரும் கூட்டம், எங்களைப் பட்டாளத்தில் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் இந்தப் பெயர்.

பிள்ளைகள் எழுதுவதைப் படிக்கும்போது எங்களுக்குத் தெரியாமல் எவ்வளவு நடந்திருக்கிறது என்று தெரிகிறது. நான் வீட்டில் இருந்த நாளைவிட என் மனைவி குவார்ட்டர்ஸில் தனியாக இருந்த நாள்தான் அதிகம்.

மார்ச் இன், மார்ச் அவுட் பற்றி யாரும் எழுதவில்லை, அதை நான் எழுதுகிறேன். வீட்டை வாங்கும்போது எம்இஎஸ் ஆள் ஒரு பட்டியலோடு வருவார். கட்டில் இத்தனை, மேஜை இத்தனை, குழாய், ஸ்விட்ச், ஜன்னல் கண்ணாடி இத்தனை என்று எண்ணிக் கையெழுத்து. காலி பண்ணும்போது மறுபடி அதே எண்ணிக்கை. குறைந்தால், உடைந்திருந்தால், பேரக் டேமேஜ் என்று காசு பிடித்துவிடுவார்கள். பெரும்பாலும் நான் யூனிட்டோடு முன்னாலேயே கிளம்பியிருப்பேன், அந்த எண்ணிக்கைக்கு நிற்பது என் மனைவிதான். ஒரு தடவை ஒரு கண்ணாடி உடைந்திருப்பதாகச் சொன்னார்கள். "நான் உள்ளே வந்தப்பவே உடைஞ்சிருந்தது, என்கிட்ட எழுதி வாங்கின தாள் இருக்கு" என்று இந்தியில் சொல்லி, வீட்டை வாங்கிய அன்றைக்கு எழுதிய காகிதத்தை எடுத்து நீட்டினார். எட்டாவது வரை படித்தவர்.

இன்னொரு விஷயம், முக்கியமானது. உங்கள் அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாம் அப்பாவின் ரெக்கார்டில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் பதிவில் போட்டால்தான் பட்டாளத்துக்கு அந்தக் குடும்பம் உண்டு. அதை அடித்த கிளார்க்குக்குத் தமிழ்ப் பெயர் தெரியாது. பார்ட் டூ ஆர்டரில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, பேங்கில் ஒரு எழுத்து என்றால் நாளைக்கு ஃபேமிலி பென்ஷன் வரும்போது அம்மாதான் அலைய வேண்டும். அப்பா இருக்கும்போதே ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதித் திருத்தி விடுங்கள். வழி தெரியாவிட்டால் மதுரையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். என் நண்பர் ஒருவர் இதைத் தள்ளிப் போட்டார். அவர் போன பிறகு அந்த அம்மாவுக்குப் பணம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

வாடிப்பட்டி வாசகன்

ஐயா, இன்றைக்கே பார்த்தேன். பென்ஷன் தாளில் அம்மாவின் பிறந்த வருடம் ஐந்து வருடம் தள்ளி இருக்கிறது. இதை எழுதியதற்கு நன்றி. நாளை காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

மேலூர் மண்

2001 டிசம்பர். பாராளுமன்றத் தாக்குதல் நடந்த சில நாளில் அப்பாவின் யூனிட் முழுவதும் ராஜஸ்தான் எல்லைக்குக் கிளம்பியது. ஆபரேஷன் பராக்ரம். நாங்கள் ஜான்சி (உசிலை அண்ணே, நீங்கள் எந்த வருடம்? கரையான் எங்களுக்கும் உண்டு). ராத்திரி முழுக்க லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. விடிந்தபோது குவார்ட்டர்ஸ் பகுதியில் பெண்கள், பிள்ளைகள், ஒவ்வொரு பிளாக்குக்கும் காவலுக்கு ஒன்றிரண்டு ஜவான்கள், அவ்வளவுதான்.

அப்பா திரும்பி வந்தது அடுத்த வருடக் கடைசியில். நடுவில் சண்டை நடக்கவில்லை, ஆனால் நடக்காது என்று அப்போது யாருக்குத் தெரியும்? கண்ணிவெடி புதைக்கும்போதும் எடுக்கும்போதும் ஆட்கள் இறந்த செய்தி வரும். எங்கள் வரிசையில் வெள்ளை ஜிப்சி ஜீப் ஒன்று மெதுவாக வந்தால் எல்லா வீட்டு வாசலிலும் பெண்கள் வந்து நிற்பார்கள். எந்த வீட்டு முன்னால் நிற்கும் என்று. அது எங்களைத் தாண்டிப் போன ஒரு நாள் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கு அழுகிறார் என்று நினைத்தேன். நின்ற வீடு எது என்பதற்காக அழுதார் என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

அந்தப் பத்து மாதம் கேஸ் சிலிண்டர் தூக்கியது, ஸ்கூல் ஃபீஸ் கட்டியது, ஃபியூஸ் போட்டது எல்லாம் பெண்கள்தான். என் அம்மா ஏணி வைத்து ஏறி பக்கத்து வீட்டு கூலருக்குப் புல் மாற்றினார். மேலூரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

சோழவந்தான் வெற்றிலை

மேலூர், இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. படித்தேன்.

கல்லுப்பட்டிக்காரி

மேலூர் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் எதுவும் எழுதவில்லை.

அம்மாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வருகிறேன். ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுத்தது அந்தக் கட்வாலி ஆன்ட்டி. நவம்பர் வெயிலில் எல்லாப் பெண்களும் முற்றத்துக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்து பின்னுவார்கள். அம்மா கற்றுக்கொண்டது எங்களுக்கு வாங்கிப் போடக் காசு இல்லாததால். வருடா வருடம் நாங்கள் வளர்ந்துவிடுவோம். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டம் போட்டு, கொதிக்கிற கெண்டியின் ஆவியில் காட்டுவார். சுருண்டு சுருண்டு இருந்த நூல் ஆவியில் நிமிர்ந்து வரும். அதோடு இன்னொரு நிறத்தைச் சேர்த்துப் பெரிதாகப் போடுவார். நான் ஏழாவது வயதில் போட்டிருந்த சிவப்பு, எனக்கு ஒன்பது வயதானபோது தம்பி ஸ்வெட்டரின் மார்புப் பட்டையில் இருந்தது. ஃபோட்டோவில் இருக்கிறது.

தமிழ் எழுத்தும் அப்படித்தான் வந்தது. கேந்திரிய வித்யாலயாவில் இந்தி, சமஸ்கிருதம், ஆங்கிலம். தமிழ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுத வேண்டும், மடிக்கும் அந்தக் கடைசிப் பக்கம் என்னுடையது. தப்பாக எழுதினால் அம்மா அடிக்க மாட்டார், "அப்பத்தாவுக்குப் புரியாது" என்பார், நான் திரும்ப எழுதுவேன். ஊருக்கு வந்து ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். ளகரமும் ழகரமும் எனக்கு இடம் மாறும். ஆனால் எழுதத் தெரிந்திருந்தது, அது அந்தக் கடைசிப் பக்கத்தால்.

பதான்கோட்டில் இருந்து ஊர் வருவது மூன்று ராத்திரி. மெட்ராஸ் சென்ட்ரலில் இறங்கி, பட்டாளத்துக்காரர்களின் பயணத்தைக் கவனிக்கும் எம்சிஓ ஆபீஸில் அப்பா ரயில் வாரண்டைக் காட்டி மேற்கொண்டு இடம் பார்க்கும்வரை நாங்கள் பெட்டி மேல் உட்கார்ந்திருப்போம். அப்புறம் எழும்பூர் போய் மதுரை வண்டி. அப்போது அது மீட்டர் கேஜ், டெல்லிப் பக்கத்து வண்டியில் இருந்து ஏறினால் பெட்டி சின்னதாகிவிட்ட மாதிரி இருக்கும். கடைசி தடவை வந்தபோது திண்டுக்கல் தாண்டியதும் அம்மா தலையில் பூ வைத்தார், சேலையை மாற்றிக் கட்டினார், தலையை மூடியிருந்த சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்தார். மறுபடி எடுக்கவே இல்லை. அந்தச் சால்வையும் ஸ்வெட்டருக்குக் கீழே இருந்தது.

திருநகர் 3வது ஸ்டாப்

எம்சிஓ ஆபீஸ் வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்திருக்காத பட்டாளத்துப் பிள்ளை கிடையாது.

அந்தப் பழைய ஒரு மாடி வரிசை வீடுகள் பல இடத்தில் இப்போது இல்லை. 2002ல் தொடங்கிய மேரீட் அக்காமடேஷன் ப்ராஜெக்ட்டில் அடுக்குமாடியாகக் கட்டிவிட்டார்கள். நான் நாலு வருடம் முன்னால் ஒரு வேலையாக ஜலந்தர் போனேன். கேட்டில் விடவில்லை, அது சரிதான், வெளியில் நின்று பார்த்தேன். லிப்ட் வைத்த கட்டடம். உசிலை சொன்ன பட்டியல் இதனால் கொஞ்சமாவது குறைந்தால் நல்லது. முற்றம் இல்லாமல் அந்தப் பெண்கள் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்களோ, அது ஒன்றுதான் எனக்கு.

பேரையூர் மருமகள்

வணக்கம். மூன்று நாளாக இதைப் படித்துக்கொண்டே இருக்கிறேன், எழுதலாமா என்று தயக்கம். என் கணவர் நாயக். கல்யாணமாகி ஏழு வருடம், நான் பேரையூரில் மாமியாரோடு இருக்கிறேன். இப்போது முதல் தடவையாகக் குவார்ட்டர்ஸ் அலாட் ஆகியிருக்கிறது. நவம்பரில் போக வேண்டும். வடக்கே, குளிர் ஊர். அவர் அங்கே இருக்கிறார், நான் இரண்டு குழந்தைகளோடு தனியாக ரயிலில் போக வேண்டும். இந்தி தெரியாது. மதுரை தாண்டிச் சென்னைக்கே ஒரு தடவைதான் போயிருக்கிறேன்.

மேலூர் அண்ணன் எழுதியதைப் படித்துப் பயமாக இருந்தது. கல்லுப்பட்டி அக்கா எழுதியதைப் படித்துப் போக ஆசையாக இருக்கிறது. உங்கள் அம்மாக்களிடம் கேட்டுச் சொல்லுங்கள், என்ன கொண்டுபோக வேண்டும்? முதலில் என்ன செய்ய வேண்டும்?

மட்டுறுத்துநர்

சகோதரி, நீங்கள் முதலில் எழுதியிருந்த ஊர் பெயரையும் யூனிட் பெயரையும் எடுத்துவிட்டேன். பணியில் இருப்பவர்களின் இடம், யூனிட், பயணத் தேதி எதையும் பொதுவில் எழுத வேண்டாம். மற்றவர்களும் கேட்காதீர்கள்.

சப்பர் தம்பி (ஓய்வு)

அம்மா, பயப்படாதே. முதல் நாள் செய்ய வேண்டியது: வீட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு குழாயையும் திறந்து பார், ஒவ்வொரு கண்ணாடியையும் எண்ணு, உடைந்தது இருந்தால் அதிலேயே எழுதச் சொல். இப்போது கையில் ஃபோன் இருக்கிறது, எல்லாவற்றையும் படம் எடுத்துவிடு. டிபெண்டன்ட் கார்டு, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதே. டாக்டரைப் பார்க்கும் எம்ஐ ரூம் எங்கே இருக்கிறது, ராத்திரி ஆம்புலன்ஸுக்கு எந்த நம்பர் என்று கேட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவை. பெரிய குழந்தைக்கு ஆறு வயது ஆனதும் கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்பு. மாறுதல் உள்ளவர்கள் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு.

சோழவந்தான் வெற்றிலை

அம்மா சொன்னது: தோசைக்கல், இட்லித் தட்டு, புளி, மிளகாய்த் தூள், நல்லெண்ணெய். உளுந்து அங்கேயே கிடைக்கும், தூக்க வேண்டாம். மாவு குளிரில் புளிக்காது, அடுப்பு அணைத்த சூட்டில் பக்கத்தில் வைத்து, மேலே பழைய கம்பளியைச் சுற்ற வேண்டும். அப்புறம், போன முதல் வாரமே பக்கத்து வீட்டுக்கு ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். பாத்திரம் திரும்பி வரும்போது வெறும் பாத்திரமாக வராது, அதில் இருந்து பேச்சு ஆரம்பிக்கும்.

உசிலை மேற்கு

தங்கச்சி, ஏழு வருடம் காத்திருந்து கிடைத்திருக்கிறது. போங்கள். எத்தனை மாதம் கிடைத்தாலும் போங்கள். அவர் குழந்தைகளோடு இருக்கட்டும்.

மேலூர் மண்

பயமுறுத்த எழுதவில்லை அக்கா. என் அம்மா சொல்வது: அந்தப் பத்து மாதம் நான் தனியாக இல்லை, ஊரில்தான் தனியாக இருக்கிறேன்.

கல்லுப்பட்டிக்காரி

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

பூட்டு மூன்று வாங்கிக்கொள்ள வேண்டுமாம். முன்கதவுக்கு, பின்முற்றத்துக்கு, பெட்டிக்கு. ரயிலில் பெட்டியைச் சங்கிலி போட்டு சீட்டுக் காலில் கட்ட வேண்டும். குழந்தைகளுக்குக் கட்டுச்சோறு முதல் நாளுக்கு மட்டும், அதற்கு மேல் தாங்காது. இந்திக்குக் கவலைப்படாதே, காய்கறி வண்டிக்காரன்தான் முதல் வாத்தியார், நூறு வரைக்கும் எண்ணக் கற்றுக்கொண்டால் பாதி இந்தி வந்துவிடும் என்கிறார். தப்பாகப் பேசினாலும் நிறுத்தாமல் பேச வேண்டுமாம். குளிருக்கு இங்கிருந்து எதுவும் வாங்கிப் போக வேண்டாம், மதுரையில் விற்கிற ஸ்வெட்டர் அந்தக் குளிருக்குக் காணாது, ரஜாய் அங்கே போய் வாங்கு.

அங்கீட்டி மட்டும் வேண்டாம், கரிப் புகையில் மூடிய அறைக்குள் தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம் என்று இரண்டு தடவை எழுதச் சொன்னார். நாங்கள் வைத்தது ஜன்னலைத் திறந்துவைத்து, தூங்குவதற்கு முன்னால் வெளியே எடுத்துவிட்டு.

பெட்டியில் இருந்த அந்த ஸ்வெட்டரை நேற்று பிரித்துவிட்டார். நூல் பழசானாலும் பூச்சி அரிக்கவில்லை. கெண்டி இல்லை, குக்கர் ஆவியில் காட்டினார். இப்போது சிட்டமாக நாற்காலியில் காய்கிறது. குழந்தைகளுக்கு என்ன வயது, நெஞ்சளவு எத்தனை இன்ச் என்று கேட்கிறார். டேப் இல்லாவிட்டால் நூலால் அளந்து ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாமாம். நவம்பருக்குள் இரண்டு முடியும் என்கிறார். பச்சை நிறம் பரவாயில்லையா?

பேரையூர் மருமகள்

அக்கா, அம்மாவிடம் சொல்லுங்கள். பெரியவளுக்கு ஐந்து வயது, 23 இன்ச். சின்னவனுக்கு இரண்டு முடிந்தது, 20 இன்ச், ஆனால் அவன் அசையாமல் நிற்கவில்லை, அரை இன்ச் கூடவே போடச் சொல்லுங்கள். பச்சை நன்றாக இருக்கும்.